எட்டயபுரம் காப்பாற்றிய பொக்கிஷம்

எட்டயபுரம் என்றதும் 1882-ல் அங்கு பிறந்த மகாகவி பாரதியார்தான் நினைவுக்கு வருவார். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கிய ஊரும் அதுவே. ஆனால் சங்கீதப் பிரியர்களான நம் அங்கத்தினர்கள் அந்தச் சிற்றூருக்குப் பட்ட கடன் வேறு.

முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835 தீபாவளியன்று ஸித்தியடைந்தது இங்கேதான். தம்பி பாலுஸ்வாமி எட்டயபுரம் ஸமஸ்தான வித்வான். பிடிலை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. குடும்பத்துக் கீர்த்தனைகள் அவருடைய பெண் வயிற்றுப் பேரனும் ஸ்வீகார புத்திரருமான சுப்பராம தீக்ஷிதரிடம் பாடாந்தரமாக வந்து சேர்ந்தன. பாடாந்தரத்தை எளிதில் வெளியே கொடுக்காத காலம் அது. அவரும் தயங்கினார். பல கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்தி வெளியிட்டு, அந்த உழைப்பில் கண்பார்வையும் மங்கிப்போன சின்னஸ்வாமி முதலியார் (அவர் கிறிஸ்தவர் என்பது கவனிக்கத்தக்கது) மன்னரிடம் முறையிட்டார். மன்னர் கேட்டுக்கொண்ட பிறகே தீக்ஷிதர் இசைந்தார்.

கமகங்களுக்குத் தனிக் குறியீடுகளுடன், 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' 1904-ல் எட்டயபுரத்து அச்சுக்கூடத்திலேயே தெலுங்கு லிபியில் வெளிவந்தது. பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் லிபியில் வெளியிட்டது.

1906-ல் தீக்ஷிதர் காலமானார். இடைவெளி இரண்டே ஆண்டுகள்! அவருக்கு இரங்கற்பா எழுதியவர் அதே ஊர்க்காரரான பாரதியார்.