கேள்விக்குரியவரின் கதிரை

"நாட்டை ஆளுறவரப் பாராளுமன்றத்துல வச்சி ஆரும் கேட்டாங்களா மகன்?" காத்தான்குடியில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். 1990 ஆகஸ்ட் 3இல், இஷாத் தொழுகையின்போது ஊரின் இரு பள்ளிவாசல்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். மக்களைக் காக்க வேண்டிய அரசு எங்கே போனது என்பதே அவரின் ஆதங்கம்.

நான் பழைய காலத்தை நினைத்துக்கொண்டேன். 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, அரசாங்கத் தலைவரான பிரதமர் பண்டாரநாயக்க சபை உறுப்பினர். பொத்துவில் எம்.எம். முஸ்தபாவும் கல்முனை எம்.சி. அகமதும் தமிழரசுக் கட்சி உறுப்பினர்களாக எதிரணியில் இருந்தார்கள். சட்டம் நிறைவேறியது, ஆனாலும் கேட்கவேண்டியவரை முகத்துக்கு முகம் கேட்க வழியிருந்தது.

1978 யாப்பு அந்த வழியை அடைத்தது. அரசாங்கத் தலைவர் ஜனாதிபதியானார். அவர் பாராளுமன்ற உறுப்பினரல்லர். 1990இல் எம்.எச்.எம். அஷ்ரப் எதிரணியில் இருந்தார். ஜனாதிபதி பிரேமதாசவுக்கோ உறுப்பினர் வரிசையில் ஆசனமில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை ஜனாதிபதி பாராளுமன்றம் வரவேண்டுமென 2015இல் 19ஆவது திருத்தம் சொன்னது. வந்து போவது வேறு, கேள்விக்குப் பதில் சொல்வது வேறு.

பெரியவருக்கு இதைத்தான் சொன்னேன்: "கேக்க நம்மட ஆள் இருந்தாரு காக்கா. பதில் சொல்ல வேண்டியவருக்குத்தான் அங்க கதிரை இல்ல."