தோல் மணத்த ஊரில் எழுந்த கல்லூரிகள்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில், ஜும்ஆத் தொழுகைக்குப் பின் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். நாகல்கேணியில் தோல் பதனிடும் கூடமொன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்பவர். அவருடைய மகன் சிறு வயதில் என்னிடம் ஓதியவன். "ஹஜ்ரத், பையனை இன்ஜினியரிங் சேர்க்கிறதா, அவன் மாமாகூட துபாய்க்கு அனுப்புறதா? சேர்க்கிறதா இருந்தா வீட்ல இருக்கிற நகையைத்தான் வைக்கணும்" என்றார். மார்க்கச் சட்டம் கேட்டால் உடனே சொல்லிவிடலாம். இதற்கு உடனே சொல்ல எனக்கு நா எழவில்லை. இந்தக் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அன்று. நாம் குடியிருக்கும் இந்தத் தென்சென்னைப் புறநகரின் நூறாண்டு வரலாறே அதற்குள் அடங்கியிருக்கிறது.

குரோம்பேட்டை என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். இரயிலில் நாள்தோறும் அவ்வூரைக் கடந்து செல்லும் நம்மில் பலர், அது ஓர் இரசாயனப் பொருளின் பெயர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பல்லாவரத்தை அடுத்து ஜி. ஏ. சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியால் அவ்வூர் அப்பெயர் பெற்றது. அங்குள்ள சேம்பர்ஸ் காலனி அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அதற்கு முன்பு நம் மாகாணத்தில் தோல் பெரும்பாலும் ஆவாரம்பட்டையில் ஊறவைத்தே பதனிடப்பட்டது. அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குரோமிய உப்பைக் கொண்டு பதனிட்டாலோ மிகச் சில நாட்களில் வேலை முடியும்.

இந்தப் புதிய முறையை மதராஸில் அரசின் ஆதரவோடு சோதித்துப் பார்த்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். இவர் வியாபாரி அல்லர்; பொறியியல் கல்லூரியின் பேராசிரியர். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்த அதே கல்லூரிதான் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் நடத்திய குரோம் தோல் சோதனைகள் இம்மாகாணத்தின் தொழில் வரலாற்றில் இடம்பெற்றவை. வகுப்பறையில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், ஊரில் இருந்த கைத்தொழிலைக் கண்டு, 'இதை வேறு விதமாகச் செய்ய இயலுமா?' என்று கேட்டிருக்கிறார். உயர்கல்வியால் ஒரு வட்டாரத்தின் பொருளாதாரம் எவ்வாறு மாறுகிறது என்று கேட்போருக்கு நான் முதலில் காட்டும் சான்று இதுவே.

அந்தத் தோல் தொழிலில் நம் சமுதாயத்துக்கு இருந்த பங்கை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரியமேடு முதல் வாணியம்பாடி, ஆம்பூர் வரை அதன் வணிகத்தில் முஸ்லிம்களே முன்னின்றனர். ஆனால் தோலில் ஈட்டிய பொருள் எங்கே சென்றது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தோல் வணிகர் மர்ஹூம் ஜமால் முஹம்மது ஸாஹிப் அவர்களின் ஆதரவில்தான் அல்லாமா ஸையித் சுலைமான் நத்வி 1925இல் மதராஸுக்கு வந்து, நபிகளாரின் (ஸல்) வாழ்வைப் பற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவுகளை ஆற்றினார். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் இங்கு வந்து பேசியதற்கும் அவருடைய ஆதரவே துணை நின்றது. 1951இல் திருச்சியில் எழுந்த ஜமால் முஹம்மது கல்லூரி அவர் பெயரையே தாங்கியுள்ளது. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப் அவர்களும் தோல் வணிகத்தோடு தொடர்புடையவர். நம் குரோம்பேட்டையில் வாழ்ந்தவர். அவர் பெயரால் மேடவாக்கத்தில் ஒரு கல்லூரி நடைபெறுகிறது. பதனிடும் கூடத்தின் வாடையை முகம் சுளித்துப் பேசும் இளைஞர்களிடம் நான் இவற்றை வேண்டுமென்றே சொல்வதுண்டு.

கல்லூரிகள் இப்பக்கம் வந்ததற்கு இரயிலே முதற்காரணம். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. ஆறாண்டுகள் கழித்து, 1937இல், ஜார்ஜ் டவுனில் உயர் நீதிமன்றத்தின் அருகே நெருக்கடியான இடத்தில் நூறாண்டுகளாக நடந்துவந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, தாம்பரத்தின் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. முந்நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட புதர்க்காடு அது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் துணைவியார் ஆலிஸும் அங்கு நட்டு வளர்த்த மரங்கள் இன்று அடர்ந்த சோலையாய் நிற்கின்றன. கோடையில் அந்தச் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்தவர்களுக்கு அந்நிழலின் அருமை தெரியும். கல்லூரி வந்தபின் விடுதிகள் வந்தன. விடுதிக்குப் பால் கொடுப்போர், துணி வெளுப்போர், சமையலர், எழுத்தர் எனப் பலருக்குப் பிழைப்பு வந்தது. பெரும்பாலோர் உயர்கல்வியின் பொருளாதாரப் பயன் என்று சொல்வது இதைத்தான். இதை நான் குறைத்துப் பேசவில்லை. எனினும் வீட்டு வாடகையும் உணவுக் கடையும் எந்தக் கூட்டம் வந்தாலும் கிடைக்கக்கூடியவை. அதற்குக் கல்லூரிதான் வேண்டுமென்பதில்லை.

குரோம்பேட்டையில் 1949இல் நடந்தது இன்னும் ஆழமானது. சி. இராஜம் என்னும் தொழிலதிபர் தம் சொந்த வீட்டை விற்றுப் பொருள் திரட்டி, மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை நிறுவினார். விமானப் பொறியியல், மின்னணுவியல், ஆட்டோமொபைல், கருவியியல் என அக்காலத்தில் இந்நாட்டில் அரிதாயிருந்த துறைகளை, பி.எஸ்ஸி. முடித்து வந்தோருக்கு மூன்றாண்டுப் படிப்பாக அது கற்பித்தது. (1978இல் அது அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.) இராமேஸ்வரத்தில் பிறந்த ஏ. பி. ஜெ. அப்துல் கலாம், திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு வந்து சேர்ந்த இடம் இதுதான்.

சேர்க்கைக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. குடும்பத்திடம் அது இல்லை. மூத்த சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தம் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்டுத் தருவதென்று தம்பி உறுதி பூண்டார். கலாம் அவர்கள் தம் நூலில் எழுதியிருக்கும் இந்நிகழ்ச்சி நம் மேடைகளிலெல்லாம் நெகிழ்ச்சியோடு சொல்லப்படுகிறது. நெகிழ்ந்தால் மட்டும் போதுமா? பெரியமேட்டில் பெரும் வணிகர்களைக் கொண்டிருந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளைக்குக் கல்விக் கட்டணமாக வந்து உதவியது ஒரு பெண்ணின் வளையல் என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையும் வருகிறது, சற்று வெட்கமும் வருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குரோம்பேட்டையில் படித்த கலாம் அவர்கள் பணியாற்றியது பெங்களூரிலும் தும்பாவிலும் ஹைதராபாத்திலும்தான். நாட்டுக்கு அது பெரும் பேறு. ஆயினும் ஒரே இரயில் நிலையத்தில் இறங்கி ஒரு புறம் விமானம் படிக்கச் செல்வோரும், மறுபுறம் தோல் பதனிடச் செல்வோருமாக இருந்த ஊரில், அந்தப் படிப்பு இந்தத் தொழிலுக்குள் நுழையவில்லை. கல்லூரி ஊரில் இருப்பது வேறு; ஊரின் தொழிலுக்குள் கல்வி நுழைவது வேறு.

பின்னது நிகழ்ந்த இடம் அடையாறு. 1944இல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் எழுந்த ஏ. சி. தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பம் பாடமாயிற்று. அதற்கு அருகிலேயே 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. டாக்டர் ஒய். நாயுடம்மா அதன் இயக்குநராய் இருந்த காலத்தில் ஆய்வாளர்கள் பதனிடும் கூடங்களுக்கே சென்று வேலை கற்பித்தனர். 1970களில் அரசு பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலும் காலணியும் செய்து விற்கும்படி வற்புறுத்தியபோது, நம் வணிகர்கள் தட்டியது இந்நிலையத்தின் கதவைத்தான். பாதி பதனிட்டதை விற்றுக்கொண்டிருந்த மாகாணம் காலணி ஏற்றுமதி செய்யும் மாநிலமாக மாறியதில் அந்த ஆய்வுக்கூடத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் விரைவாய்ப் பதனிட்ட அதே குரோமியம் மண்ணையும் கெடுத்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணிப் பகுதிகளின் கிணற்று நீரைப் பற்றி நம் பெரியவர்களைக் கேளுங்கள். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்பளித்தது. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் கூடங்கள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்ததுடன், கழிவு நீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாதவற்றை மூடவும் உத்தரவிட்டது. அந்நாளில் பிழைத்து நின்றவை, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்துகொண்டவையும், வேதியியல் தெரிந்த ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ள இயன்றவையுமே. அறிவு இல்லாமல் தொழிலை விரைவாக்கலாம். அது விட்டுச்செல்லும் நஞ்சை அறிவு இல்லாமல் அகற்ற இயலாது.

1984க்குப் பின் வந்த சுயநிதிக் கல்லூரிகளின் காலத்தை விரைந்தே சொல்லிவிடலாம். நம் கண்முன் நடந்தது. எம்.ஜி.ஆர். அரசு தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டதும் ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் கல்லூரிகள் முளைத்தன. அதே 1984இல் கீழக்கரையைச் சேர்ந்த பி. எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியை நிறுவினார். அண்ணா மேம்பாலத்தைக் கட்டிய நிறுவனமும், வளைகுடாவில் ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு வேலை தந்த நிறுவனமும் அவர் கைவண்ணமே. துபாய்க்கு ஆள் அனுப்பிய அதே கரம் இங்கே கல்லூரியும் கட்டியது. பின்னர் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 'படிப்பா, வெளிநாடா?' என்று கேட்போர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். 1990களில் மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை வந்தபோதும், 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபோதும், அவை நாடி வந்தவற்றுள் இக்கல்லூரிகளின் பட்டதாரிகளும் அடக்கம். துறைமுகமும் நெடுஞ்சாலையும் அரசின் சலுகையும் இல்லாமல் பட்டம் மட்டும் அவற்றை அழைத்து வந்திராது என்பதும் உண்மையே. 2022இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்திச் சென்றபோது பட்டதாரிகளால் அதைத் தடுக்கவும் முடியவில்லை.

பட்டம் பெற்றும் உணவுப் பை சுமந்து இருசக்கர வண்டியில் அலையும் பிள்ளைகள் நம் மஹல்லாவிலேயே உள்ளனர். பெற்றோர் கடன்பட்டுக் கட்டிய கட்டணத்துக்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது ஒரு தாள். இதைச் சொல்லாமல் கல்வியின் சிறப்பை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

அந்தத் தகப்பனாருக்கு மறு வாரம் நான் பதில் சொன்னேன். நகையைத் தொடுவதற்கு முன், அரசுக் கலந்தாய்வில் மதிப்பெண்ணுக்கு எந்த இடம் கிடைக்கிறதென்று பார்க்கச் சொன்னேன். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் உள்ள 3.5 விழுக்காட்டு இடஒதுக்கீட்டையும், வீட்டின் முதல் பட்டதாரிக்குக் கலந்தாய்வு வழியே கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகையையும் எடுத்துரைத்தேன். விடுதிக்கும் புத்தகத்துக்கும் குறைவதை ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடனாகத் தர நிர்வாகிகளிடம் பேசுவதாக ஒப்புக்கொண்டேன், பேசியும் விட்டேன். திருமண உதவிக்கு எளிதில் கையெழுத்திடும் நம் நிர்வாகிகள் கல்விக் கடன் என்றதும் இரண்டு கூட்டம் நடத்தினார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். மூன்றாவது கூட்டத்தில் சம்மதித்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

பின்னர், கிண்டியில் தோல் தொழில்நுட்பம் என்றொரு படிப்பு இருக்கிறது, அதையும் விருப்பப் பட்டியலில் எழுதலாமே என்றேன். தகப்பனார் சிரித்துவிட்டார். "வேணாம் ஹஜ்ரத், இந்த வாடை என்னோட போகட்டும்" என்றார். அருகில் நின்ற மகன் சிரிக்கவில்லை.

"அதுக்கு கட்‑ஆஃப் எவ்வளவு, ஹஜ்ரத்?" என்று கேட்டான்.