மாவாலையில் படித்த கணிதம்

உங்கள் வீட்டில் யாராவது பல்கலைக்கழகத்தில் கணிதமோ இயற்பியலோ படித்தால், 'கிறீன்' என்ற பெயர் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாமல் இருக்காது. ஒரு தேற்றத்துக்கும் ஒரு சார்புக்கும் அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நிலைக்கவைத்த நூலை எழுதியபோது ஜோர்ஜ் கிறீன் பல்கலைக்கழகம் போனவர் அல்லர். அவர் மா அரைப்பவர்.

1793இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். அப்பா வெதுப்பகம் வைத்திருந்தார். எட்டு வயதில் பள்ளிக்கூடம் போனார், சுமார் ஒரு வருடந்தான். பிறகு வேலை. அப்பா 1807இல் சினைன்ரன் குன்றில் கட்டிய காற்றாலையே அவருடைய இடமானது. காற்று அடிக்கும்போது ஆலையை விட்டு நகர முடியாது. மிஞ்சிய நேரத்தில்தான் படிப்பு.

1823இல் உள்ளூர் நூலகம் ஒன்றில் சந்தா கட்டிச் சேர்ந்தார். லாப்லாஸ், புவாசோன் போன்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர்களின் வேலையைத் தானாகவே கற்றார். 1828இல், மின்சாரமும் காந்தமும் பற்றிய கணித நூலொன்றைத் தன் செலவில் வெளியிட்டார். விலை ஏழரை சிலிங். முன்பணம் கட்டியவர்கள் சுமார் ஐம்பது பேர். அவர்களில் பெரும்பாலானோருக்கு அதில் ஒரு பக்கங்கூட விளங்கியிருக்காது.

ஒருவருக்கு விளங்கியது. கேம்பிரிட்ஜில் படித்த எட்வர்ட் புரோம்ஹெட், இனி எழுதுபவற்றை அறிஞர் சபைகளுக்கு அனுப்ப உதவுகிறேன் என்று கடிதம் எழுதினார். அது வெறும் மரியாதைப் பேச்சு என்று யாரோ சொன்னதை நம்பி, கிறீன் ஏறத்தாழ இரண்டு வருடம் பதில் போடவில்லை!

தானாகப் படிப்பவருக்குப் பாடத்தைவிடக் கடினமானது இதுதான். தன் வேலை நல்லதா இல்லையா என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. யாராவது நல்லது என்றால், அதையும் நம்ப முடிவதில்லை.

கடைசியில் பதில் எழுதினார். புரோம்ஹெட்டின் ஊக்கத்தால் 1833இல், நாற்பது வயதில், கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். 1837இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம். 1841இல் இறந்தார். அப்போதும் அந்த முதல் நூலை அறிந்தவர்கள் மிகச் சிலரே. 1845இல் வில்லியம் தொம்சன் என்ற இளைஞர், பின்னாளில் கெல்வின் பிரபு, தன் ஆசிரியரிடமிருந்து ஒரு பிரதியைப் பெற்றுப் பாரிசுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அதன் பிறகுதான் உலகம் அதைப் படித்தது.

நம்முடைய இராமானுஜனும் பெரும்பாலும் தானாகப் படித்தவர்தான். 1913இல் அவர் ஹார்டிக்குக் கடிதம் எழுதாமல் இருந்திருந்தால்?

இன்று உங்களிடம் கிறீனிடம் இல்லாத அளவு பாடங்கள் கைபேசியிலேயே இருக்கின்றன. தாராளமாகத் தனியாகப் படியுங்கள். ஆனால் போட்ட கணக்கை ஒருவரிடம் காட்டுங்கள். அவர் "நல்லது, இன்னும் அனுப்பு" என்றால், அன்றைக்கே அனுப்புங்கள்.

பிரித்தானியாவில் இருப்பவர்கள் நொட்டிங்ஹாம் போனால் அந்த ஆலையைப் பார்க்கலாம். திருத்தி எடுத்து, இப்போது அறிவியல் மையமாக வைத்திருக்கிறார்கள்.