சுயேச்சைக்கும் ஒரு கட்சி உண்டு: கிராம சபை

அந்தியூர்ப் பக்கம் ஒரு காலனியில் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் தம்பி ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார். "அக்கா, அடுத்த தேர்தல்ல வார்டு மெம்பருக்கு நிக்கலாம்னு இருக்கறனுங்க. எந்தக் கட்சியும் இல்லீங்க. செயிச்சா மொதல்ல எதைப் பண்றதுங்க? தண்ணியா, தெருவிளக்கா, சுடுகாட்டுப் பாதையா?"

மூன்றும் அந்தக் காலனிக்குச் சரியாக இல்லை. அதனால் எதை முதலில் சொன்னாலும் சரியான பதில்தான். ஆனாலும் எனக்கு உடனே பதில் வரவில்லை. அவருடைய அப்பா வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போகிறவர். மகன் ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து பேசினால் மறுநாள் அப்பாவுக்கு வேலை இருக்குமா என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் கட்சிச் சின்னம் கிடையாது. சட்டப்படி எல்லோருமே சுயேச்சைதான். ஆனால் தோட்டமும் சாதியும் உள்ளவருக்கு அவையே கட்சி. நம் ஆளுக்கு எது கட்சி? வரலாற்றில் இதற்குப் பதில் இருக்கிறது.

1924ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எதிலும் ஒடுக்கப்பட்டவர்களைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அது அரசாணையாகவும் வெளிவந்தது. அதே 1924ல் பம்பாய் மாகாணத்தின் மகாட் நகராட்சி, சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று தண்ணீரை அள்ளிக் குடிக்கும்வரை அந்தத் தீர்மானம் வெறும் காகிதம். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி அந்தத் தீர்மானத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. உள்ளாட்சி மன்றம் கொடுத்த உரிமையை அதே மன்றம் பறிக்கவும் செய்யும். கிராமத்தை இந்தியாவின் அடிப்படை அலகாக்க வேண்டும் என்று பலர் பேசியபோது அம்பேத்கர் 1948ல் அரசியல் நிர்ணய சபையில் அதைக் கடுமையாக எதிர்த்ததற்குப் பின்னால் இந்த அனுபவமும் இருந்தது.

73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993ல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்களும் தலைவர் பதவிகளும் ஒதுக்கப்பட்டன. 1994ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996 அக்டோபரில் தேர்தல். மதுரை மாவட்டம் மேலவளவில் மனுத்தாக்கல் செய்தவர்கள் மிரட்டப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. கடைசியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு விஷயமாக ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும் வழியில் அவரும் உடன் ஆறு பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். எரிந்த குடிசைக்கு நியாயம் கேட்பதைத்தான் அவர் முதல் வேலையாக எடுத்திருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் வேறு வழி. அங்கே வேட்புமனு தாக்கல் செய்ய ஆள் வராது. வந்தாலும் வென்ற கையோடு பதவி விலகல் கடிதம் எழுதி வாங்கப்படும். 2006ல்தான் அந்த ஊராட்சிகளில் முறையான தேர்தல் நடந்தது. பத்து ஆண்டுகள்!

கொங்கில் இப்படியெல்லாம் இல்லையே என்பார்கள் சிலர். இங்கே சத்தம் கம்மி, அவ்வளவுதான். 2020ல் கோவை மாவட்டம் ஜெ.கிருஷ்ணாபுரத்தின் பெண் ஊராட்சித் தலைவர், தன் நாற்காலியில் உட்காரவும் பெயர்ப்பலகை வைக்கவும் விடாமல் சாதியைச் சொல்லித் தடுக்கிறார்கள் என்று புகார் கொடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையின் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது.

படத்தில் விழாத ஒன்றும் உண்டு. ஊராட்சிக் காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. தலைவர் நாற்காலியை நமக்கு விட்டுவிட்டுத் துணைத் தலைவர் பேனாவைப் பிடித்துக்கொண்டால் போதும், ஒரு தெருவிளக்கு பல்புகூட மாற்ற முடியாது. அந்தத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள்.

இதையெல்லாம் தாண்டி ஒருவர் நின்று காட்டியது திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில். தலித் சமூகத்தில் பிறந்த வேதிப் பொறியாளர் இளங்கோ ரங்கசாமி, மத்திய அரசின் ஆய்வு நிறுவன வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பி, 1996ல் ஊராட்சித் தலைவரானார். 2001ல் மீண்டும் வென்றார். ஒரே சுவரை நடுவில் வைத்து ஒருபுறம் தலித் குடும்பம், மறுபுறம் மற்ற சாதிக் குடும்பம் என்று இரட்டை வீடுகள் கட்டினார். காலனிக்கு வீடு தனியாகவும் ஊருக்கு வீடு தனியாகவும் கட்டுவதுதான் அரசின் வழக்கம். அவர் வீட்டையும் கட்டினார், ஊர் வேறு சேரி வேறு என்ற கோட்டிலும் கை வைத்தார்.

கிரானைட் ஆலைகளில் வீணாகும் கற்களை வைத்துச் செலவு குறைத்துச் சாக்கடை கட்டியதற்காக, விதியை மீறினார் என்று அவர் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு ஃபோன் போட மாவட்டச் செயலாளர் கிடையாது, எம்.எல்.ஏ. கிடையாது. கிராம சபை இருந்தது. மக்கள் கூடி அவர் பக்கம் நின்றார்கள். பதவி திரும்பக் கிடைத்தது.

தம்பிக்கு நான் கடைசியாகச் சொன்ன பதில் இதுதான். முதல் வேலை தண்ணீருக்கும் முன்னால் வருகிறது: துணைத் தலைவர் தேர்தலில் உன் ஓட்டு. அதை ஒரு சால்வைக்கும் ஒரு சாப்பாட்டுக்கும் விட்டுவிடாதே. காலனிக் காசோலையில் கையெழுத்துப் போட மறுக்கமாட்டார் என்று நம்பக்கூடியவருக்கே போடு. முடிந்தால் நீயே நில்.

இரண்டாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். நூறு நாள் வேலைக்குப் போகும் நம் பெண்களை ஆறு நாளும் முன்வரிசையில் உட்காரவை. தீர்மானப் புத்தகத்தில் எழுதியபின் கையெழுத்துப் போடச் சொல், வெற்றுத்தாளில் போடவிடாதே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்கி வை. தனியாகப் பேசினால் உன் அப்பாவின் வேலை போகும். அறுபது பெண்கள் சேர்ந்து பேசினால் அறுபது பேரையும் நிறுத்திவிட்டுக் கொடிக்காலை யார் பார்ப்பது?

மூன்றாவதுதான் தண்ணீர். அதிலும் குழாய் முடிகிற கடைசி வீட்டிலிருந்து ஆரம்பி. தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு எப்படியும் வந்துவிடும்.

ஈரோடு மாவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அதற்கு முன்பும் 2016 முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்தல் இல்லாமல் இருந்தோம். தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் நம் தெருவுக்குத்தான் நட்டம். ஆனால் கிராம சபைக்குப் போக யாரும் ஜெயிக்க வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

தம்பி கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப வர்ற கிராம சபைக்கே போயிரலாமுங்க்கா."

போவோம்.