கிரகணமும் நம்பிக்கையும்



2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தின் பாதை, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய நமது வன்னிப் பகுதிகளின் மேலாகச் சென்றது. அது தொடங்கும் வேளையும் முடியும் வேளையும் முன்னரே கணித்து அறிவிக்கப்பட்டிருந்தன. இவ்விடத்தில் இரு வினாக்கள் எழுகின்றன. வேளையைச் சரியாகக் கூறுபவர் காரணத்தையும் அறிந்தவர்தாமா? கூறிய வேளை பிழைத்தால் அவருடைய சமயமும் பிழைத்துவிடுமா? ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வினாக்கள் தமிழ் மண்ணில் எழுந்தன.

முதலாவதற்கு விடை புதுச்சேரியில் கிடைக்கிறது. அங்கு வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் ஒருவர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனனம் செய்த வாய்பாடுகளின் துணைகொண்டே, 1825 மே 31ஆம் நாளிரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 'காலசங்கலிதம்' என்னும் ஆங்கில நூலை எழுதிய ஜோன் வாரன் இதனைப் பதிவு செய்துள்ளார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே வேறுபாடு இருந்ததெனப் பிற்கால அறிஞர் ஒட்டோ நொய்கெபவர் எடுத்துக்காட்டினார். ஆயினும் தாம் கையாண்ட முறையின் அடிப்படைக் கொள்கையை அக்கணிதர் அறிந்திருக்கவில்லை. கணிப்பது வேறு, காரணம் அறிவது வேறு என்பது இதனாற் புலனாகும்.

இரண்டாவது வினா யாழ்ப்பாணத்தில் எழுந்தது. 1823இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவரான அமெரிக்க மிஷனரி டானியல் பூவர், அராலி விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கத்தை ஆராய்ந்தார். 1829 மார்ச் 20ஆம் நாள் சந்திர கிரகணத்தின் தொடக்கத்தில் 15 நிமிடமும், அது நீடிக்கும் காலத்தில் 24 நிமிடமும் பிழை இருப்பதாக அறிவித்தார். அன்றிரவு பலரும் வானை நோக்கினர். பூவரின் கணிப்பே பொருந்தியது. மேலைநாட்டு வானியலின் வெற்றியைப் புராணச் சமயத்தின் வீழ்ச்சியாகவும் காட்ட மிஷனரிமார் முற்பட்டனர்.

ஈண்டு நாம் சற்று நிதானித்தல் வேண்டும். சாத்திரியார் பின்பற்றிய கணிதம் பாம்பு விழுங்கும் கதையின்மீது எழுந்ததன்று. கிரகணம் நிழலால் விளைவதென்பதை 499இலேயே ஆரியபடர் கூறிவிட்டார். 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய முஸ்லிம் பேரறிஞர் அல்பிரூனி, வராகமிகிரர் இக்காரணத்தைத் தெளிவுறக் கூறியதைப் பாராட்டியுள்ளார். ஆகவே 15 நிமிடப் பிழை பழைய அளவைகளின் பிழையே. அதனைக் கொண்டு ஒரு சமயத்தை நிறுத்துப் பார்த்தது பொருந்தாத தராசாகும்.

இத்தராசின் குறையை இஸ்லாமிய அறிஞர் அல் கஸ்ஸாலி மிகத் தெளிவாக உணர்ந்திருந்தார். 1095இல் அவர் நிறைவு செய்த 'தஹாபுதுல் பலாஸிபா' தத்துவவாதிகளை மறுக்கும் நூல். எனினும், கிரகணத்துக்கு வானியலார் தரும் விளக்கத்தை மறுப்பது மார்க்கக் கடமையென எண்ணுவோர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கின்றனர் என்று அதன் முகவுரையில் எச்சரித்தார். கணித ஆதாரத்தை அறிந்த ஒருவரிடம் இது மார்க்கத்துக்கு முரணானது என்றால், அவர் கணிதத்தை ஐயுறமாட்டார், மார்க்கத்தையே ஐயுறுவார் என்பது அவர் கண்ட உண்மை. உலகம் இறைவனின் படைப்பா என்பதே மார்க்கத்தின் வினா. அது எவ்வடிவினது என்பதன்று.

இதற்கு மூலமும் இஸ்லாமிய மரபிலேயே உண்டு. நபிகள் நாயகத்தின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அது 632 ஜனவரி 27 எனக் கணித்துள்ளனர். குழந்தையின் மரணத்தாலேயே கதிரவன் இருண்டதென மக்கள் பேசினர். சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் அவை இருள்வதில்லை என்று நாயகம் அதனை மறுத்தார். தம் துயரத்துக்கு வானைச் சாட்சியாக்க அவர் இசையவில்லை.

நேயர்களே, வற்றாப்பளைப் பொங்கலுக்கு நாள் குறிப்போரும் நோன்புப் பிறை பார்ப்போரும் ஒரே நிலவையே நோக்குகின்றனர். அந்நிலவின் கணக்கு தவறினால் திருத்திக்கொள்ளத்தக்கது. திருத்தத்துக்கு இடந்தருவதே விஞ்ஞானத்தின் பெருமை. நம் பிள்ளைகள் விஞ்ஞானத்தைக் கற்பதற்காகச் சமயத்தைக் கைவிட வேண்டியதில்லை. சமயத்தைக் காப்பதற்காகக் கணக்கை மறுக்கவும் வேண்டியதில்லை. இதனை வகுப்பறையிலும் இல்லத்திலும் அவர்களுக்கு அச்சமின்றி எடுத்துரைப்பது ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரிய பொறுப்பாகும்.