தமிழ்த் திரையில் மருத்துவமனைச் சிரிப்பு: தாராபுரம் நாகேஷ் முதல் வசூல்ராஜா வரை

நோயும் சிரிப்பும் ஒன்றுக்கொன்று பகை என்றே பொதுவாக எண்ணுகிறோம். ஆனால் தமிழ்த் திரைப்படம் இவ்விரண்டையும் ஒரே அறையில் உட்காரவைத்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மருத்துவமனையைக் களமாகக் கொண்ட முக்கியமான தமிழ்ப் படங்கள் பலவற்றில் அழுகைக்கு இணையாக நகைச்சுவையும் இடம்பெற்றுள்ளது. இவ்வரலாற்றில் கொங்கு நாட்டைச் சேர்ந்த கலைஞர்களின் பங்கு கணிசமானது. தாராபுரத்தில் பிறந்த நாகேஷ், கோபிசெட்டிபாளையம் அருகிலுள்ள வெள்ளாங்கோயிலில் பிறந்த கே. பாக்யராஜ் ஆகிய இருவரும் இதில் குறிப்பிடத்தக்கவர்கள்.

நகைச்சுவை நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிறதா, நோயாளியோடு சேர்ந்து சிரிக்கிறதா என்ற கேள்வியே இப்படங்களை மதிப்பிட உதவும் அளவுகோல் ஆகும்.

முன்னோடி: இரத்தக்கண்ணீர்

1954-ல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் வெளிவந்த இரத்தக்கண்ணீர், மேடையில் பெரும் புகழ்பெற்ற நாடகத்தின் திரைவடிவம். வெளிநாடு சென்று திரும்பிய செல்வந்தன் மோகனசுந்தரமாக எம். ஆர். ராதா நடித்தார். தொழுநோய் தாக்கிய பின்னரும் அவரது கிண்டல் நிற்பதில்லை. தன்னையும் உலகத்தையும் ஒரே மூச்சில் கேலி செய்யும் நோயாளி தமிழ்த் திரைக்குப் புதியவர்.

ஆனால் படம் தொழுநோயை ஒழுக்கக்கேட்டுக்கான தண்டனையாகவே காட்டியது. தொழுநோய் கிருமியால் வருவது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்ட உண்மை. 1940-களிலேயே அதற்குச் சல்போன் வகை மருந்துகளும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. நடிப்பின் ஆற்றலை வியக்கும் அதே வேளையில், நோயாளியை ஊர் ஒதுக்கிவைக்கும் பழைய மனப்பான்மைக்கு இப்படம் துணைபோனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இங்கே சிரிப்பு இருந்தது, பரிவு போதவில்லை.

தாராபுரத்திலிருந்து வந்த நோயாளி

நாகேஷ் 1933-ல் தாராபுரத்தில் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் பெரியம்மை தாக்கியதால் அவர் முகத்தில் தழும்புகள் நிலைத்துவிட்டன. தடுப்பூசி இயக்கத்தின் பயனாக இந்தியா 1977-ல் பெரியம்மை அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. உலகம் முழுவதிலும் அந்நோய் ஒழிந்ததாக 1980-ல் அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையினருக்கு அம்மை வார்த்த முகம் புதிதல்ல. கொங்கு நாட்டு ஊர்களில் வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, மாரியம்மனை வேண்டிக்கொண்டு காத்திருந்த காலம் அது. அந்தத் தழும்பு முகத்தோடு ஒருவர் திரைக்கு வந்து, முன்னணி நடிகராக நிலைத்தார் என்பதே ஒரு செய்திதான்.

சென்னையில் ரயில்வே எழுத்தராகப் பணியாற்றியபோது, நாடகம் ஒன்றில் வயிற்றுவலி நோயாளியாகச் சில நிமிடங்களே வரும் வேடம் அவருக்குக் கிடைத்தது. அந்த நாடகத்தைக் காண வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே அவரைப் பாராட்டினார். அவர் கவனம் பெற்ற முதல் வேடமே ஒரு நோயாளி வேடம் என்பது குறிப்பிடத்தக்கது.

நெஞ்சில் ஓர் ஆலயம் (1962)

ஸ்ரீதர் இயக்கிய இப்படத்தின் கதை ஏறக்குறைய முழுவதும் மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. ஒரே அரங்க அமைப்பில், ஒரு மாதத்துக்குள் படப்பிடிப்பு முடிந்தது என்பது இதன் சிறப்பு. தான் முன்பு காதலித்த பெண்ணின் கணவனுக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்யவேண்டிய நிலையில் மருத்துவர் முரளி (கல்யாண்குமார்) நிற்கிறார். தேவிகா மனைவியாகவும், முத்துராமன் கணவனாகவும் நடித்தனர். நோயாளி பிழைக்கிறார்; மருத்துவர் இறந்துபோகிறார்.

இக்கனமான கதையினூடே, மருத்துவமனைப் பணியாளராக நாகேஷ் வருகிறார். அவரது பகுதி கதையை முன்னே நகர்த்துவதில்லை. ஆனால் மருத்துவமனை என்பது மருத்துவரும் நோயாளியும் மட்டுமல்ல, படுக்கை விரிப்பவரும் வண்டி தள்ளுபவரும் சேர்ந்தது என்பதை அது நினைவூட்டுகிறது. வார்டில் நாள்கணக்கில் படுத்திருந்த எவருக்கும் தெரியும்: பெரிய மருத்துவர் ஒரு நாளில் சில நிமிடங்களே வருவார், மீதி நேரம் முழுவதும் இவர்களின் முகம்தான். இப்படம் 1963-ல் இந்தியில் 'தில் ஏக் மந்திர்' என்ற பெயரில் எடுக்கப்பட்டது.

நீர்க்குமிழி (1965)

கே. பாலச்சந்தர் தம் நாடகத்தைத் தாமே படமாக்கி இயக்குநராக அறிமுகமான படம் நீர்க்குமிழி. இதுவும் மருத்துவமனைக்குள்ளேயே நிகழும் கதை. நாகேஷ் ஏற்ற சேது என்ற பாத்திரம், வார்டையே கலகலப்பாக்கும் நோயாளி. அவருக்கு இருப்பது புற்றுநோய்; அவருடைய நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன.

சேதுவின் குறும்பைக் கண்டு சிரிக்கும் பார்வையாளருக்கு, அவருக்குத் தெரியாத உண்மை தெரியும். ஆகவே ஒவ்வொரு சிரிப்பும் தொண்டையில் சற்றே சிக்குகிறது. இங்கே கேலிப்பொருளாக இருப்பவர் நோயாளி அல்லர். நோயாளிதான் சிரிப்பை வழங்குபவர். நகைச்சுவை நடிகரைக் கதையின் மையத்தில் வைத்து, அவரையே சாகடித்துக் காட்டிய துணிவு அக்காலத்தில் அரிது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். நோயின் பெயரை நோயாளியிடம் மறைப்பதே கருணை என்று அக்காலத்துக் குடும்பங்களும் மருத்துவர்களும் நம்பினர். இன்றைய மருத்துவ அறம், தன் உடலைப் பற்றி அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு என்கிறது. இப்படம் அந்தப் பழைய வழக்கத்தின் ஆவணமாகவும் விளங்குகிறது.

அந்த 7 நாட்கள் (1981)

பாக்யராஜ் எழுதி இயக்கிய இப்படத்தில் மருத்துவர் ஆனந்தாக ராஜேஷ் நடித்தார். சாகும் தறுவாயில் இருக்கும் தாயின் ஆசைக்காக மறுமணம் செய்துகொள்ளும் அவர், முதலிரவிலேயே தற்கொலைக்கு முயலும் மணமகளை (அம்பிகா) காப்பாற்றுகிறார். பிறகு கோபிக்காமல் உட்கார்ந்து அவள் கதையைக் கேட்கிறார். பாலக்காட்டு மாதவனாக பாக்யராஜும், அவருடைய சீடனாக சிறுவன் காஜா ஷெரீப்பும் வரும் நகைச்சுவை முழுவதும் அவள் சொல்லும் அந்தக் கதைக்குள்தான் வருகிறது.

நோயாளி சொல்வதை முழுமையாகக் கேட்பது மருத்துவத்தின் முதல் படி. இப்படத்தில் மருத்துவமனைக் காட்சிகள் குறைவு. எனினும் மருத்துவரின் அடிப்படைக் குணமான பொறுமையோடு கேட்டலை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தமிழ்ப் படங்கள் சிலவே.

2002: இரண்டு படங்கள்

2002-ல் மருத்துவத்தின் குறைகளை இரு வேறு முறைகளில் தொட்ட படங்கள் வெளிவந்தன. மௌலி இயக்கிய பம்மல் கே. சம்பந்தம் படத்தில், அறுவை சிகிச்சையின்போது தன் கைக்கடிகாரத்தை நாயகனின் வயிற்றுக்குள் விட்டுவிடும் மருத்துவராக சிம்ரன் நடித்தார். கிரேசி மோகனின் வசனத்தில் இது முழுநீள நகைச்சுவை ஆனது. ஏ. ஆர். முருகதாஸ் இயக்கிய ரமணாவில், ஏற்கெனவே இறந்துவிட்டவருக்குச் சிகிச்சை அளிப்பதாகச் சொல்லித் தனியார் மருத்துவமனை ஒன்று பணம் கறக்கும் காட்சி கசப்பான அங்கதம். முன்னது தவறைக் கண்டு சிரித்தது. பின்னது பேராசையைக் கண்டு கொதித்தது.

வசூல்ராஜா எம்.பி.பி.எஸ். (2004)

ராஜ்குமார் ஹிரானியின் 'முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.' (2003) என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம் இது. சரண் இயக்கினார், கமல்ஹாசன் நடித்தார், வசனம் கிரேசி மோகன். 'கட்டிப்பிடி வைத்தியம்' என்ற சொல் இப்படத்தின் வழியே பேச்சுவழக்கில் நிலைபெற்றது.

இதில் இரண்டு வகைச் சிரிப்புகள் மோதுகின்றன. பிரகாஷ்ராஜ் ஏற்ற கல்லூரி முதல்வர், கோபத்தை அடக்கச் சிரிப்புப் பயிற்சி செய்பவர். அவர் வாய்விட்டுச் சிரிக்கும்போதெல்லாம் எதிரில் நிற்பவர்கள் நடுங்குகிறார்கள். ராஜாவோ துப்புரவுப் பணியாளரைக் கட்டி அணைக்கிறான். வாழ்வில் பிடிப்பிழந்த முதியவரை (காகா ராதாகிருஷ்ணன்) கேரம் பலகை முன் உட்காரவைக்கிறான். முதல்வரின் சிரிப்பு அவரோடு நின்றுவிடுகிறது. ராஜாவின் சிரிப்பு அடுத்தவரிடம் போய்ச் சேர்கிறது.

ஆயினும் படம் ஓர் எல்லையை ஒப்புக்கொள்கிறது. புற்றுநோயால் வாடும் இளைஞனை (ஜெயசூர்யா) ராஜாவால் காப்பாற்ற முடியவில்லை. அன்பு மருந்துக்கு மாற்று அல்ல என்பதை அந்த மரணம் சொல்லிவிடுகிறது. இப்படத்தில் ராஜாவின் தந்தையாக, மகன் மருத்துவன் என்று நம்பி ஏமாந்து தலைகுனியும் முதியவராக வந்தவர் நாகேஷ். சேதுவாக நடித்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவருக்குக் கிடைத்த மருத்துவக் கதை இது. அவர் 2009 ஜனவரி 31 அன்று காலமானார்.

உலக அளவில்

1998-ல் ராபின் வில்லியம்ஸ் நடித்த 'பேட்ச் ஆடம்ஸ்', கோமாளி வேடமிட்டு நோயாளிகளைச் சந்தித்த அமெரிக்க மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையைத் தழுவியது. அம்மருத்துவருக்கே அப்படம் நிறைவளிக்கவில்லை. இலவச மருத்துவத்துக்கான தம் போராட்டம் பின்னுக்குப் போய், வேடிக்கை மட்டும் முன்னுக்கு வந்துவிட்டது என்பது அவரது குறை. நியூயார்க்கில் 1986-ல் மருத்துவமனைக் குழந்தைகளுக்காகக் கோமாளிக் கலைஞர்கள் தொடங்கிய முயற்சி பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

மதிப்பீடு

பேட்ச் ஆடம்ஸின் குறை நமக்கும் பொருந்தும். சிரித்த முகம் மட்டும் போதாது. சிகிச்சை கைக்கெட்டும் விலையில் இருக்கவேண்டும். கோவை சித்தாபுதூர்ப் பகுதியில் '20 ரூபாய் டாக்டர்' என்று மக்கள் அழைத்த மருத்துவர் பாலசுப்பிரமணியம் 2016 நவம்பரில் மறைந்தபோது, அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஏழை மக்கள் திரளாக வந்து அஞ்சலி செலுத்தினர். மறு ஆண்டு வெளிவந்த மெர்சல் படத்தின் நாயகன் ஐந்து ரூபாய் மருத்துவர். திரையில் வியப்பாகக் காட்டப்பட்டதைக் கோவைக்காரர்கள் தெருமுனையிலேயே பார்த்திருந்தார்கள்.

மனநோயாளிகளையும் திக்குவாயரையும் கேலிப்பொருளாக்கும் காட்சிகள் தமிழ்ப் படங்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் நீர்க்குமிழியின் சேதுவை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அங்கே சிரிப்பு நோயாளியின் கையில் இருந்தது. யாரும் அதை அவரிடமிருந்து பறித்து அவர்மேலேயே எறியவில்லை.