1948: ஐந்து படைகள், ஐந்து நோக்கங்கள்



1948ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள். அன்று வெள்ளிக்கிழமை. டெல் அவீவ் நகரின் அருங்காட்சியக மண்டபம் ஒன்றில் டேவிட் பென் குரியன், இஸ்ரேல் என்னும் புதிய அரசு தோன்றியதாகப் பிரகடனம் செய்தார். அமெரிக்கா சில நிமிடங்களிலேயே அதனை அங்கீகரித்தது. மூன்று தினங்களில் சோவியத் ரஷ்யாவும் அங்கீகரித்தது. பிரகடனத்தின் மறுநாளே எகிப்து, டிரான்ஸ்ஜோர்டான், சிரியா, இராக், லெபனான் ஆகிய ஐந்து அரபு நாடுகளும் போரில் இறங்கின.

ஐந்து நாடுகள் ஒன்று திரண்டும் ஆறரை இலட்சம் யூதர்களை ஏன் வெல்ல முடியவில்லை? பல தலைமுறைகளாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. வல்லரசுகளின் சூழ்ச்சி என்பதே நம்மில் பலர் கூறும் விடை. வல்லரசுகளின் பங்கை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும் அது முழு விடையன்று. ஐந்து நாடுகள் ‘ஒன்று திரண்டன’ என்பதே உண்மைதானா என்பதை நாம் முதலில் ஆராய வேண்டும்.

பகை பிறந்த வரலாறு

பாலஸ்தீனம் நெடுங்காலம் உதுமானியப் பேரரசின் ஆளுகையில் இருந்தது. முதல் உலகப் போரின்போது, 1917 நவம்பர் 2ஆம் நாள், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், அங்கு யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய உதவுவதாக வாக்களித்தார். அம்மண்ணில் வாழ்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அரபுகள். அவர்களது சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

யூதக் குடியேற்றம் பெருகியது. அதனை எதிர்த்து 1936இல் அரபுகள் கிளர்ந்தெழுந்தனர். மூன்றாண்டுகள் நீடித்த அக்கிளர்ச்சியைப் பிரிட்டன் கடுமையாக ஒடுக்கியது. தலைவர்கள் நாடு கடத்தப்பட்டனர், ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1948இல் பாலஸ்தீனியர் தலைமையின்றி நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மறுபுறத்தையும் நாம் நேர்மையுடன் நோக்க வேண்டும். ஐரோப்பாவில் ஹிட்லரின் ஆட்சி ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றொழித்தது. உயிர் தப்பியவர்களில் பலருக்குத் திரும்பிச் செல்ல வீடில்லை. பல நாடுகள் கதவடைத்தன. அவர்களது துயரம் உண்மையானது. ஆனால் ஐரோப்பா இழைத்த அநீதிக்கான ஈட்டை, அதில் பங்கேதுமில்லாத பாலஸ்தீனத்து விவசாயி செலுத்த நேர்ந்ததே இவ்வரலாற்றின் பெருங்கொடுமை.

பிரிவினைத் தீர்மானம்

1947 நவம்பர் 29ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபை, பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கும் 181ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரித்தவை 33 நாடுகள்; எதிர்த்தவை 13. நமது இந்தியா எதிர்த்து வாக்களித்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினராயிருந்த யூதர்களுக்குப் பாதிக்கும் அதிகமான நிலப்பரப்பு ஒதுக்கப்பட்டது. அவர்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த நிலமோ ஏறத்தாழ 7 விழுக்காடுதான். யூதத் தலைமை தீர்மானத்தை ஏற்றது, அரபுகள் நிராகரித்தனர்.

மறுநாள் முதலே உள்நாட்டுப் போர் மூண்டது. ஜெருசலேம் பகுதியில் போராளிகளை வழிநடத்திய அப்துல் காதிர் அல்ஹுசைனி, ஆயுதம் வேண்டி டமாஸ்கஸ் சென்று அரபு லீக்கின் இராணுவக் குழுவிடம் மன்றாடினார். வெறுங்கையுடன் திரும்பிய அவர், 1948 ஏப்ரல் 8ஆம் நாள் கஸ்தல் கிராமத்தில் நடந்த சண்டையில் வீழ்ந்தார். மறுநாள் அவரது ஜனாஸாவில் பங்கேற்கப் போராளிகள் பெருந்திரளாக ஜெருசலேம் சென்றுவிட, கஸ்தல் மீண்டும் யூதப் படையின் வசமாயிற்று.

அதே ஏப்ரல் 9ஆம் நாள், இர்குன், லெஹி என்னும் யூத ஆயுதக் குழுக்கள் டெய்ர் யாசீன் கிராமத்தில் புகுந்து பெண்கள், குழந்தைகள், முதியோர் உட்பட நூறு பேர் அளவில் கொன்றன. நான்கு நாட்களுக்குப் பின், ஹதாஸா மருத்துவமனைக்குச் சென்ற வாகனத் தொடர் அரபுகளால் தாக்கப்பட்டு, மருத்துவர்களும் செவிலியர்களும் உட்பட 70க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மே 13ஆம் நாள் கஃபர் எட்சியோன் என்ற யூதக் குடியிருப்பில் சரணடைந்தவர்களும் கொல்லப்பட்டனர். ஒரு கொலையைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறும் அன்று, நீதியும் அன்று.

டெய்ர் யாசீன் படுகொலையை அரபு வானொலிகள் மிகைப்படுத்தி ஒலிபரப்பின. அது அரபு நாடுகளைக் கிளர்ந்தெழச் செய்யும் என எண்ணினர். மாறாக, அது கிராமம் கிராமமாக அச்சத்தைப் பரப்பியது. ஹைஃபா ஏப்ரலில் வீழ்ந்தது; யாஃபா மே மாதத்தில் சரணடைந்தது. அரபு நாடுகளின் படைகள் எல்லையைக் கடக்கும் முன்னரே இலட்சக்கணக்கானோர் அகதிகளாகிவிட்டனர்.

ஆளுக்கொரு நோக்கம்

வாசகர்களே, இனி எண்ணிக்கையைப் பாருங்கள். மே மாத நடுவில் ஐந்து அரபு நாடுகளும் களமிறக்கிய வீரர்கள் மொத்தம் ஏறத்தாழ 25,000 பேர். இஸ்ரேலின் படையில் அப்போதே 30,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஆண்டு முடிவில் அது ஒரு இலட்சத்தை நெருங்கியது. அங்கு ஒரே தலைமை, ஒரே திட்டம். முதல் வாரங்களில் அவர்களுக்கும் கனரக ஆயுதங்கள் குறைவாகவே இருந்தன. ஜூன் 11ஆம் நாள் தொடங்கிய நான்கு வாரப் போர்நிறுத்தத்தில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து பெற்ற ஆயுதங்களால் அக்குறையைப் போக்கிக் கொண்டனர்.

அரபு நாடுகளின் நிலை என்ன? டிரான்ஸ்ஜோர்டானின் மன்னர் அப்துல்லாஹ் பெயரளவில் கூட்டுப்படைகளின் தலைவர். ஆனால் அவரது நோக்கம் மேற்குக்கரையைத் தமது நாட்டுடன் இணைப்பதே. அதற்காகப் போருக்கு முன்னரே யூதப் பிரதிநிதி கோல்டா மேயரை இரகசியமாகச் சந்தித்துப் பேசியிருந்தார். அரபுப் படைகளில் மிகச் சிறந்ததான அவரது படையின் தளபதியோ கிளப் என்ற ஆங்கிலேயர். எகிப்தின் மன்னர் ஃபாரூக், அப்துல்லாஹ்வின் கை ஓங்கிவிடக் கூடாதெனக் கவலை கொண்டார். சிரியாவும் அவரை ஐயத்துடனேயே நோக்கியது. லெபனான் தன் எல்லையை அதிகம் கடக்கவில்லை.

இப்பிளவின் விளைவு அக்டோபரில் வெளிப்பட்டது. இஸ்ரேல் தன் முழுப் பலத்தையும் தெற்கே திருப்பி எகிப்தியப் படையைத் தாக்கியபோது, கிழக்கே நின்ற ஜோர்டானியப் படையும் இராக்கியப் படையும் புதிய முனையைத் திறக்கவில்லை. ஃபலூஜாவில் ஏறத்தாழ 4,000 எகிப்திய வீரர்கள் மாதக்கணக்கில் முற்றுகையில் சிக்கினர். பிற்காலத்தில் எகிப்தின் அதிபரான ஜமால் அப்துல் நாசிர் அவர்களுள் ஒருவர்.

போர் முடிவிலும் ஒற்றுமையில்லை. 1949இல் எகிப்து பிப்ரவரியிலும், லெபனான் மார்ச்சிலும், ஜோர்டான் ஏப்ரலிலும், சிரியா ஜூலையிலும் தனித்தனியே போர்நிறுத்த உடன்படிக்கை செய்து கொண்டன. இராக் கையெழுத்திடாமலேயே தன் படையைத் திரும்பப் பெற்றது.

விலை கொடுத்தவர்கள்

மன்னர்களின் கணக்குகளுக்கு விலை கொடுத்தவர்கள் எளிய மக்கள். ஜூலை மாதம் லுத், ரம்லா ஆகிய இரு நகரங்கள் வீழ்ந்தபோது, 50,000க்கும் மேற்பட்டோர் இஸ்ரேலியப் படையின் உத்தரவால் வெளியேற்றப்பட்டனர். கொளுத்தும் கோடை வெயிலில் நடந்து சென்றவர்களில் பலர் தாகத்தால் வழியிலேயே மாண்டனர். போர் ஓய்ந்தபோது ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர் அகதிகள். 400க்கும் அதிகமான கிராமங்கள் வெறுமையாயின. பாலஸ்தீனத்தின் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இஸ்ரேலின் வசமானது. மேற்குக்கரை ஜோர்டானிடமும் காஸா எகிப்திடமும் போயின. பாலஸ்தீனியருக்கென ஒரு சாண் நிலமும் மிஞ்சவில்லை.

இஸ்ரேல் தரப்பிலும் ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர். அது அவர்களின் மக்கள்தொகையில் நூற்றில் ஒருவர். தலைமுறை தலைமுறையாக பக்தாதில் வாழ்ந்த யூதர்களும் இப்பகையின் வெப்பத்திலிருந்து தப்பவில்லை. 1950-51ஆம் ஆண்டுகளில் இராக்கிலிருந்து மட்டும் 1,20,000 பேர் அளவில் வெளியேறினர்.

அகதிகள் தாயகம் திரும்ப அனுமதிக்கப்பட வேண்டும் என 1948 டிசம்பர் 11ஆம் நாள் ஐ.நா.வின் 194ஆம் தீர்மானம் கூறியது. அது ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. பூட்டிய வீட்டின் சாவியுடன் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் முகாம்களிலேயே பிறந்தனர். காஸாவில் வாழ்வோரில் பெரும்பான்மையினர் அந்த அகதிகளும் அவர்களின் சந்ததியினருமே. 2023 அக்டோபருக்குப் பின் அங்கு நிகழ்ந்த பேரழிவில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தவர்கள் இவர்களே.

சிந்திப்போமாக!

பாலஸ்தீனியருக்கு அநீதி இழைத்தவர்கள் எவர் எனக் கேட்டால் பிரிட்டனையும் இஸ்ரேலையும் உடனே கூறிவிடுகிறோம். அது சரியே. ஆனால் அவர்களின் பெயரால் போர் தொடுத்து, அவர்களின் நிலத்தைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டவர்களை அப்பட்டியலில் சேர்க்கத் தயங்குகிறோம். துன்பத்தில் இருப்பவருக்காகக் குரல் கொடுப்பது எளிது. தன் ஆதாயத்தை ஒதுக்கிவைத்து அவருக்குத் துணை நிற்பது அரிது. 1948இல் முதலாவது வானளாவ இருந்தது. இரண்டாவது இல்லாமல் போயிற்று.

ஆகவே, அன்பிற்குரியவர்களே, ஒடுக்கப்பட்டோருக்காக ஒருவர் பேசும்போது, அவர் எவ்வளவு உரக்கப் பேசினார் என்பதைப் பாராதீர்கள். எதனை இழக்க முன்வந்தார் என்பதைப் பாருங்கள். கஸ்தலுக்கு ஆயுதம் அனுப்பாதவர்களும் பாலஸ்தீனத்துக்காக உரக்கப் பேசியவர்களே!